நெஞ்சு வலி வந்தால் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு போய்ச் சேருவது எப்படி

இதைப் படிக்கிற இந்த நிமிடத்தில் உங்கள் வீட்டில் யாருக்காவது நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். மலேசியாவின் அவசர எண் 999-ஐ அழையுங்கள். அவரை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவரோ, வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவரோ இல்லை என்றால் கார்டிபிரின் (ஆஸ்பிரின் மாத்திரைதான்) 100 மில்லிகிராம் மாத்திரை மூன்றை மென்று விழுங்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நேரம் இருக்கிறவர்கள் நிதானமாகப் படியுங்கள். படித்துவிட்டு இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நெஞ்சு வலி வந்த பிறகு என்ன செய்வது என்று கூடிப் பேசக்கூடாது, அந்த முடிவை வலி வருவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது என் அப்பாவிடமிருந்து.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். வேலையை விட்டு நின்ற பிறகும் பெரட்டுக்கு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகிய உடம்பு, விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடும். அன்றைக்கு 4.40-க்கு எழுந்தவருக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பது போல இருந்திருக்கிறது. "வாயு பிடிச்சிருக்கு" என்று ஈனோ ஒரு பாக்கெட் கலக்கிக் குடித்தார். அம்மா இஞ்சி தட்டிப் போட்டு சுடுதண்ணீர் கொடுத்தார், முதுகில் தைலம் தேய்த்தார். ஐந்தரைக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்ததும் "இப்ப தேவல" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஆறேகாலுக்குத் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை வேர்வை, பனியனைப் பிழியலாம் போல. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

நான் டவுன் பக்கம் தாமானில் இருக்கிறேன், பத்து நிமிடத்தில் போய்விட்டேன். போனபோது அப்பா குளித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆள் அழுக்காகப் போகக்கூடாதாம். அம்மா அவருடைய நீலக் கோடு போட்ட சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர் சரியாகப் படியவில்லை என்று தண்ணீர் தெளித்து இன்னொரு தடவை அழுத்தினார். நான் கையில் காடி (கார்) சாவியை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலர் இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அப்புறம் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, தேடினோம். அப்புறம் "எதுக்கு நேரா பெரிய ஆஸ்பத்திரி, முதல்ல கிளினிக்ல காட்டலாம்" என்று தனியார் கிளினிக் வாசலில் ஒன்பது மணி வரைக்கும் காடியிலேயே உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து பார்த்த இரண்டாவது நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். அங்கே போய் நாங்கள் அவசரப் பிரிவுக்குப் போகாமல் வெளிநோயாளிகள் கவுண்டரில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நெஞ்சில் வயர் ஒட்டி இசிஜி எடுத்தபோது மணி 10.25.

ஐந்தே முக்கால் மணி நேரம். பிறகு ஒரு நாள் பழைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். காடி ரோட்டில் ஓடிய நேரம் மொத்தமே முப்பது நிமிடம்தான். மீதி எல்லாம் வீட்டுக்குள், கிளினிக் வாசலில், தப்பான கவுண்டரில். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்றைக்கு இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கிறார், கோயில் படி ஏற முடியவில்லை.

ஏன் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு

ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வெட்டின கோட்டில் பால் உறைந்து கட்டியாகிவிட்டால் கோப்பைக்கு ஒரு சொட்டும் இறங்காது. மாரடைப்பும் அப்படித்தான், இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தம் கட்டியாகி அடைத்துக்கொள்கிறது. மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மறுநாள் கட்டிப்பாலைப் பிய்த்துவிட்டு வெட்டலாம். இதயத் தசை அப்படி இல்லை, ரத்தம் போகாத இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும், செத்தது திரும்பி வராது.

முழு அடைப்பாக இருந்தால் அதைத் திறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று கட்டியைக் கரைக்கும் ஊசி, ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது டெனெக்டிப்ளேஸ். இன்னொன்று கை அல்லது தொடை வழியாகக் குழாய் விட்டு, பலூனால் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பது. ஊசியால் பலன் பொதுவாக வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள்தான், அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரம்தான் தங்கம். 1996-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் இந்த வகை மருந்து கொடுத்தால் ஆயிரம் பேரில் 65 பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், இரண்டாவது மணி நேரத்தில் கொடுத்தால் அது 37 ஆகக் குறைந்துவிடுகிறது என்று கணக்குப் போட்டது. ஒரு மணி நேரம் தள்ளிப் போனதற்கே இந்த வித்தியாசம். நாங்கள் அந்த ஒரு மணி நேரத்தை ஈனோவிலும் தைலத்திலும் கழித்தோம்.

அதற்கும் மேலாக ஒன்று இருக்கிறது. மாரடைப்பின் ஆரம்பத்தில்தான் இதயத்துடிப்பு திடீரென்று தாறுமாறாகி ஆள் அப்படியே சாயும் ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் பக்கத்தில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருந்தால் காப்பாற்றலாம். வீட்டு நாற்காலியில் அது இல்லை.

வாயுவா மாரடைப்பா என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது

சினிமாவில் வருவது மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு "வலி" என்ற சொல்லே வாயில் வராது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அடைக்கிறது, இறுக்குகிறது, எரிகிறது என்பார்கள். அது இடது கைக்கு, தோளுக்கு, தாடைக்கு, முதுகுக்கு, மேல் வயிற்றுக்குப் போகலாம். கூடவே சில்லென்ற வேர்வை, குமட்டல், மூச்சு வாங்குதல், காரணம் தெரியாத ஒரு பயம். சில நிமிடம் தாண்டியும் விடாமல் இருந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ அது போதும், கிளம்பிவிட வேண்டும். வேர்வையும் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஏப்பம் வந்து லேசானால் அது வாயுதான் என்று நினைப்பது நம் ஊரில் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறதோ. ஏப்பம் வந்ததும் குறைந்தது என்பதால் மாரடைப்பு இல்லை என்று ஆகாது. டாக்டருக்கே இசிஜியும் ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கிறது, நமக்கு ஈனோ மட்டும் எப்படிப் போதும்?

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள், பெண்கள், வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். திடீரென்று மூச்சு வாங்கும், உடம்பெல்லாம் அசந்து போகும், வாந்தி வரும், தலை சுற்றும், அவ்வளவுதான். நம் ஆட்களில் இது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 சதவீதம். மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்தில் ஒரு வரிசை வீட்டை மனதில் எண்ணிப் பாருங்கள்.

அம்மாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லவே மாட்டார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும், இதெல்லாம் முடிந்த பிறகுதான் "கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு" என்பார்கள். ஒரு நாளும் படுக்காத அம்மா பகலில் படுத்திருந்தால், முகம் வெளுத்து வேர்த்திருந்தால், அவர் "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

செய்யக்கூடாதவை சில. மென்னியைப் பிடித்துவிடுவது, நெஞ்சில் சூடாக ஒத்தடம் கொடுப்பது, பிராண்டி கொடுப்பது, விரலில் ஊசியால் குத்துவது, இதில் எதுவும் அடைப்பைத் திறக்காது. பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பு நின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் ஒரு தகவல் சுற்றுகிறது, அது பொய். குளிக்க வேண்டாம். உடை மாற்ற வேண்டாம், கைலியோடு போகலாம், ஆஸ்பத்திரியில் யாரும் கேட்க மாட்டார்கள். ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பெரிய மகனுக்குப் போன் செய்து அனுமதி கேட்க வேண்டாம், காடி கிளம்பிய பிறகு போன் செய்து தகவல் சொன்னால் போதும்.

மாத்திரை

1988-ல் ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது, மாரடைப்பு என்று சந்தேகப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்த 17,187 பேரை வைத்துச் செய்தது. ஆஸ்பிரின் மட்டும் கொடுத்ததிலேயே ஐந்து வாரத்துக்குள் நேரும் மரணம் 23 சதவீதம் குறைந்தது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் கொடுத்தால் 25, இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 42. ஒரு மலிவு மாத்திரைக்கு இவ்வளவு பலம். மருந்துக் கடையில் கார்டிபிரின் அட்டை ஒன்று வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டியது 300 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் மாத்திரை மூன்று. தண்ணீரோடு முழுங்கினால் தாமதமாக வேலை செய்யும், மென்று விழுங்க வேண்டும்.

ஆஸ்பிரினுக்கு உடம்பு வீங்குகிறவர்கள், மூச்சு இழுக்கிறவர்கள், சமீபத்தில் ரத்த வாந்தி எடுத்தவர்கள், மலம் கறுப்பாகப் போகிறவர்கள், மூளையில் ரத்தம் கசிந்து சிகிச்சை பெற்றவர்கள் சாப்பிடக்கூடாது. வீட்டில் யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பனடோல் இதற்குப் பதில் ஆகாது, இரண்டும் வேறு.

முன்பே இதயக் கோளாறு உள்ளவர்களிடம் நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை இருக்கும். அவருக்கு எழுதிக் கொடுத்ததை அவர் மட்டும், உட்கார்ந்துகொண்டு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை எடுத்துக் கொடுக்காதீர்கள், ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். ஆண்கள் வெட்கத்தை விட்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் ஜிடிஎன் ஆபத்து. கடைகளில் விற்கும் சில "ஆண்மைக் காப்பி" பாக்கெட்டுகளில் அதே மருந்தைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்துப் பல தடவை எச்சரித்திருக்கிறது. குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாளே என்று பார்க்கிற நேரம் இல்லை அது.

999-ஐ அழைக்கும்போது

கைப்பேசியில் 112 அடித்தாலும் அதே இடத்துக்குத்தான் போகும். எடுப்பவர் போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டு இணைத்துவிடுவார், அதனால் முதல் வார்த்தையே "ஆம்புலன்ஸ்" என்று இருக்கட்டும். அம்மாவுக்கு மலாய் தெரியும், ஆனால் பதற்றத்தில் வாயில் வராது. அதனால் நாங்கள் நான்கு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "சாக்கிட் டாடா. பெலுஹ் செஜுக். சுசா பெர்நாஃபாஸ். டாரி புக்குல் …" நெஞ்சு வலி, சில்லென்ற வேர்வை, மூச்சு விடக் கஷ்டம், இத்தனை மணியிலிருந்து என்று அர்த்தம். கடைசியில் வலி தொடங்கிய மணியைச் சொல்ல வேண்டும். "வாயு" என்றும் "காஸ்திரிக்" என்றும் மட்டும் சொல்லிவிடாதீர்கள், நாமே நம் அவசரத்தைக் குறைத்துக் காட்டுவது அது.

அடுத்தது விலாசம். டவுன்காரர்களுக்கு இல்லாத கஷ்டம் இது, தோட்டத்தில் வீட்டுக்கு ரோட்டுப் பெயர் கிடையாது. எந்த மெயின் ரோடு, எந்த டவுனிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர், தோட்டத்துப் பெயர்ப் பலகை எந்தப் பக்கம், எந்த டிவிஷன், கோயிலிலிருந்து எத்தனையாவது லயம் என்று ஒரே மூச்சில் சொல்லும்படி எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பத் தெரிந்த பிள்ளை யார் என்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில லயங்களில் வீட்டுக்குள் லைன் கிடைக்காது, கிணற்றடியிலோ சாவடிப் பக்கமோ போனால்தான் கிடைக்கும். அந்த இடமும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அழைத்த கையோடு மோட்டார் ஓட்டத் தெரிந்த ஒரு பையனைத் தோட்டத்து கேட்டுக்கு அனுப்புங்கள். ராத்திரியில் கேட் பூட்டியிருக்கும், ஜாகா (காவல்காரர்) தூங்கியிருப்பார், உள்ளே செம்மண் ரோடு நான்காகப் பிரியும், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி செம்பனை மரம். பையன் டார்ச் லைட்டோடு நின்று முன்னால் ஓட்டி வழிகாட்டினால் பத்து நிமிடம் மிச்சம். நாய்களைக் கட்டிப் போடுங்கள். வாசலை மறித்து நிற்கிற காடியை எடுத்துவிடுங்கள்.

ஆம்புலன்ஸா சொந்தக் காடியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆம்புலன்ஸில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, ஆள் சாய்ந்தால் செய்யத் தெரிந்தவர் இருக்கிறார், அதனால் முதல் தேர்வு அதுதான். ஆனால் தோட்டத்து உள்ளே இருக்கிறவர்களுக்கு அது சீக்கிரம் வரும் என்று எப்போதும் சொல்ல முடியாது. போனில் பேசுபவரிடமே கேளுங்கள், எங்கிருந்து கிளம்புகிறது, எவ்வளவு நேரம் ஆகும் என்று. ஆஸ்பத்திரி பதினைந்து நிமிடத்தில் இருக்கிறது, ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி என்றால் அவரிடமே சொல்லிவிட்டுக் காடியில் கிளம்புங்கள். வழியில் சந்தித்து மாற்றிக்கொள்ள முடியுமா என்றும் கேட்கலாம். காடியில் ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் பின் சீட்டில் அவரோடு உட்கார வேண்டும். நோயாளி தானே ஓட்டிப் போவது கூடவே கூடாது, மோட்டாரில் பின்னால் உட்கார வைத்தும் கொண்டுபோகாதீர்கள். வீட்டிலிருந்து காடி வரைக்கும் நடக்கவும் விடாதீர்கள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்குங்கள்.

ஆள் சாய்ந்து, கூப்பிட்டால் அசையாமல், மூச்சும் இல்லாமல் போனால் (தவளை மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவது மூச்சு இல்லை) காடியை நிறுத்தி, தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும் வரைக்கும் நிறுத்த வேண்டாம், ஆள் மாற்றி மாற்றி அழுத்துங்கள். 999-ல் இருப்பவர் போனிலேயே சொல்லிக் கொடுப்பார். கோயில் கமிட்டிக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்தால் அதைவிடப் பெரிய அன்னதானம் இல்லை என்பேன். மலேசிய செம்பிறைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்றவை இதைச் சொல்லித் தருகின்றன.

எந்த ஆஸ்பத்திரி

பக்கத்தில் இருக்கிற, 24 மணி நேரமும் அவசரப் பிரிவு உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி. தனியார் கிளினிக்குக்கு முதலில் போகாதீர்கள், அங்கே கட்டி கரைக்கும் ஊசி இருக்காது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கும் அதே கதைதான். அரசாங்க கிளினிக்கில் பகலில் இசிஜி எடுத்து முதல் மருந்து கொடுத்து ஆம்புலன்ஸில் அனுப்புவார்கள், ஆஸ்பத்திரி ரொம்பத் தூரம் என்றால் அது நல்லதுதான், ஆனால் ராத்திரியில் பூட்டியிருக்கும். எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று பகலில் போய்ப் பார்த்து வாருங்கள்.

இன்னொரு தப்பும் நடக்கிறது. பேர் பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று சுங்கை சிப்புட், தாப்பா மாதிரி ஊர்களில் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஈப்போவுக்கோ கோலாலம்பூர் தேசிய இதய மையத்துக்கோ காடியிலேயே கிளம்பிவிடுகிறார்கள். பலூன் சிகிச்சை பெரிய மையங்களில்தான் உண்டு, உண்மை. ஆனால் 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க முடியாது என்றால் முதலில் ஊசியைப் போடு என்பதுதான் மருத்துவ விதி. பக்கத்து ஆஸ்பத்திரியில் இசிஜி எடுத்து, ஊசி போட்டு, தேவையானால் அவர்களே பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். ஹைவேயில் நெரிசலில் மாட்டிக்கொண்டால் உங்கள் காடிக்குள் யாரும் ஊசி போட மாட்டார்கள்.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். மலேசியக் குடிமகனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு 1 வெள்ளிதான், அட்மிட் ஆனாலும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணம் சொற்பம். ஐசி கிடைக்கவில்லை என்றாலும் கிளம்புங்கள், யாராவது பின்னால் கொண்டுவரலாம். உங்கள் தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்து, நேப்பாளப் பையன்களுக்கு நிலைமை வேறு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு, முன்பணமும் கேட்பார்கள், அந்தப் பயத்திலேயே படுத்துக்கிடப்பார்கள். உடனே மண்டோரிடமோ (மேஸ்திரி) கிராணியிடமோ (ஆபீஸ் கிளார்க்) சொல்லுங்கள், அவர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்தப் பையனுக்கும் ஊரில் ஓர் அம்மா இருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில்

"கெச்செமாசான்" (அவசரப் பிரிவு) என்று சிவப்பில் எழுதியிருக்கிற பக்கம் போங்கள். நம்பர் எடுக்கும் கவுண்டருக்குப் போகாதீர்கள், நாங்கள் செய்த தப்பு அது. வாசலில் இருக்கும் மிஸ்ஸியோ (நர்ஸ்) மெடிக்கல் அசிஸ்டண்டோ நோயாளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். நீங்கள் சொல்லும் முதல் வாக்கியம்தான் அந்த நிறத்தை முடிவு செய்ய உதவும். "சாக்கிட் டாடா, டாரி புக்குல் எம்பாட் பாகி." காலை நாலு மணியிலிருந்து நெஞ்சு வலி. அதற்கு மேல் கதை வேண்டாம். நேற்று என்ன சாப்பிட்டார் என்று நாமாக ஆரம்பித்தால் வயிற்று வலிக்காரராகிவிடுவார்.

வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும், ஊசி என்றால் 30 நிமிடத்துக்குள், பலூன் என்றால் 90 நிமிடத்துக்குள் என்பது ஆஸ்பத்திரிகள் வைத்திருக்கும் இலக்கு. இது உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. பத்து நிமிடம் தாண்டிவிட்டால் சத்தம் போட வேண்டாம், போய் "தோலோங் புவாட் இசிஜி" (தயவுசெய்து இசிஜி எடுங்கள்) என்று கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது வலி கூடினாலோ வேர்த்தாலோ உடனே போய்ச் சொல்லுங்கள். நம்மவர்கள் பலர், முக்கியமாகத் தோட்டத்து ஆட்கள், கூப்பிடும் வரைக்கும் அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அந்த அடக்கம் வேண்டாம்.

முதல் இசிஜி நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் அது சாதாரணமாகவும் தெரியலாம், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு இன்னொரு தடவை பார்ப்பார்கள். சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குப் போவது மட்டும் வேண்டாம்.

ஊசி போடுவதற்கு முன் டாக்டர் ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்துக் கேட்பார். ரத்தக்கசிவு வரலாம், அரிதாக மூளையிலும் வரலாம், நூற்றில் ஒருவருக்கு வாக்கில். இதைக் கேட்டதும் குடும்பம் பயந்து, பெரியவர்கள் வரட்டும் என்று அரை மணி நேரம் நின்றுவிடுகிறது. ஆபத்து இருந்தும் டாக்டர் போடலாம் என்கிறார் என்றால் போடாமல் இருப்பதன் ஆபத்து அதைவிடப் பெரியது. சந்தேகத்தை அங்கேயே கேளுங்கள், அங்கேயே முடிவு செய்யுங்கள். முன்பு பக்கவாதம் வந்தது, அல்சர், சமீபத்திய ஆபரேஷன், தலையில் அடி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபாரின் போன்ற மருந்து, இதையெல்லாம் டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முன்பு ஒரு தடவை ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டிருந்தால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும், உடம்பு அதற்கு எதிர்ப்பை உண்டாக்கி வைத்திருக்கும், அதனால் வேறு மருந்து கொடுப்பார்கள்.

இன்றைக்கு ராத்திரியே செய்ய வேண்டியது

காடி உள்ள அக்கம்பக்கத்து வீடு இரண்டைப் பேசி வையுங்கள், ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னொருவர். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டலாமா மாமா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டுவிட்டால் தட்டும்போது கூச்சம் இருக்காது. நாங்கள் கேட்டபோது எதிர் வீட்டு மாமா தன் காடி சாவி தொங்குகிற ஆணியையே காட்டிவிட்டார். எண்ணெய் பாதித் தொட்டிக்குக் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகள் வெளியூரில், அம்மா அப்பா மட்டும் தனியாக என்றால் பிள்ளைகள் இப்போதே போனில் சொல்லிவிட வேண்டும்: எங்களைக் கேட்காதீர்கள், போய்விடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்டால்தான் பெற்றவர்களுக்குத் தைரியம் வருகிறது. வெறும் வாயுவாக இருந்து திரும்பி வந்தால் யாரும் கேலி செய்யக்கூடாது என்றும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். கேலிக்குப் பயந்து அடுத்த தடவை சொல்லாமல் இருந்துவிடுவார்கள்.

நாற்பது தாண்டியவர்கள் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் போய் வாருங்கள். வருமானம் குறைந்த பி40 குடும்பங்களுக்கு அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் இலவசம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா கட்டுகிறவர்களுக்கும் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது.

அப்புறம் ஒரு தாள். எங்கள் வீட்டில் அது ஐஸ் பெட்டிக் கதவில், பிள்ளையார் காந்தத்தின் கீழே இருக்கிறது. மேலே பெரிதாக 999. அதன் கீழே தோட்டத்துக்கு வரும் வழி, அந்த நான்கு மலாய் வரிகள், எதிர் வீட்டு மாமா நம்பர், அப்பா சாப்பிடும் மருந்துகளின் பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, "ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டாகிவிட்டது" என்று சிவப்பு மையில் ஒரு வரி. கடைசியில் "குளிக்க வேண்டாம், சட்டை வேண்டாம்" என்று அம்மாவே தன் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கார்டிபிரின் அட்டையும் அதோடு சேர்த்து ஒட்டியிருக்கிறது. அதன் காலாவதித் தேதியைப் பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்து மாற்றுவது அப்பாவின் வேலை.